பட்டா இல்லாத தீவில் சுரங்கம் போட்டவர்: லாங்இயர்பியன் ஊருக்குப் பெயர் தந்த ஜான் லாங்இயரின் கதை

வடதுருவத்திலிருந்து சுமார் 1,300 கி.மீ. தூரத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது லாங்இயர்பியன். 2025 ஜூன் மாத இறுதியில் இந்த ஊரின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான 'ஏழாம் எண் சுரங்கம்' மூடப்பட்டது. ஸ்வால்பார்டில் நார்வே நிலக்கரி வெட்டிய நூறாண்டு கால வரலாறு அத்துடன் முடிந்தது.

சுரங்கம் போய்விட்டது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. நார்வே மொழியில் 'பியன்' என்றால் ஊர். அதாவது, லாங்இயரின் ஊர். யார் இந்த லாங்இயர்? அவர் நார்வேக்காரர் இல்லை, அமெரிக்கர். பனிக்கடலுக்கு நடுவே ஒரு ஊரையே உருவாக்கிவிட்டு, பத்தே வருடத்தில் அதை விற்றுவிட்டுப் போனவர். நிலக்கரி தீர்ந்துபோனதால் அவர் விற்கவில்லை. அப்படியென்றால் ஏன் விற்றார்?

காடு காடாக நடந்தவர்

ஜான் மன்ரோ லாங்இயர் 1850 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள லான்சிங் நகரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். மகனோ கோர்ட் பக்கம் போகவில்லை, காட்டுப் பக்கம் போனார்.

1873-ல் மிச்சிகனின் வடகோடியில், சுபீரியர் ஏரிக்கரையில் உள்ள மார்க்வெட் நகருக்கு வந்தார். அங்கே அவருக்கு வாய்த்தது 'நிலம் பார்க்கும்' வேலை. கையில் திசைகாட்டி, முதுகில் மூட்டை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்க வேண்டும். எங்கே நல்ல மரம் நிற்கிறது, எங்கே பாறையில் இரும்புத்தாது தெரிகிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். சில இடங்களில் திசைகாட்டி முள் காரணமே இல்லாமல் திரும்பும். அடியில் காந்தத்தன்மை கொண்ட இரும்புத்தாது இருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

மற்றவர்களுக்காக நிலம் பார்த்தவர், சீக்கிரமே தனக்காகவும் வாங்க ஆரம்பித்தார். மிச்சிகனிலும் பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலும் இரும்பு இருந்த நிலங்கள் அவரைப் பெரும் பணக்காரராக்கின. 1890-ல் மார்க்வெட் நகர மேயரும் ஆனார். பாறையைப் படிக்கத் தெரிய வேண்டும். அடுத்த ஆள் வருவதற்குள் நிலத்தைத் தன் பெயரில் பதிவு செய்துவிட வேண்டும். அவருடைய தொழில் ரகசியம் இவ்வளவுதான். இந்த இரண்டாவது பாதிதான் பின்னாளில் அவரைப் படாத பாடு படுத்தியது.

மகனின் மரணமும் ரயிலேறிய வீடும்

1879-ல் மேரி ஹாலி பீச்சரைத் திருமணம் செய்தார். ஏழு குழந்தைகள். ஏரியைப் பார்த்தபடி மாளிகை போன்ற ஒரு கல்வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். 1900-ம் ஆண்டு மகன் ஹோவர்டு சுபீரியர் ஏரியில் மூழ்கி இறந்துபோனார்.

மகனின் நினைவாக ஏரிக்கரையில் ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆனால் அந்தப் பக்கம் ரயில் பாதை வந்தது. லாங்இயர் எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஊரே வேண்டாம் என்று முடிவு செய்தவர், வீட்டை விட்டுவிட்டுப் போகவில்லை. கல் கல்லாகப் பிரித்து, ரயில் பெட்டிகளில் ஏற்றி, பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைனுக்குக் கொண்டுபோய் அதே வீட்டைத் திரும்பவும் கட்டினார்.

நிலம் வாங்குவதில் கரைகண்டவர், தான் மேயராக இருந்த ஊரிலேயே ஒரு துண்டு ஏரிக்கரையைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கேயாவது முறையிட ஒரு நகராட்சி இருந்தது, கோர்ட் இருந்தது. அடுத்து அவர் காலடி வைத்த இடத்தில் அதுவும் கிடையாது.

1901: சுற்றுலா போன இடத்தில்

மகன் இறந்த அடுத்த ஆண்டு, குடும்பத்தோடு ஐரோப்பா போனார் லாங்இயர். அந்தப் பயணத்தில் ஒரு சுற்றுலாக் கப்பல் அவர்களை வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு அழைத்துப் போனது. பனிப்பாறையையும் நள்ளிரவுச் சூரியனையும் பார்க்கத்தான் பணக்காரர்கள் அங்கே போவார்கள். லாங்இயரின் கண் மலைச்சரிவில் தெரிந்த கறுப்புக் கோட்டில் நின்றது.

அங்கே நிலக்கரி இருப்பது புதுச் செய்தி இல்லை. 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பாரெண்ட்ஸ் இந்தத் தீவைக் கண்டறிந்த பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கரையோரம் கிடந்த கரியை அள்ளி அடுப்பெரித்தார்கள். 1899-ல்தான் சோரன் ஸகாரியாஸன் என்ற நார்வே கப்பல் தலைவர், விற்பதற்கென்றே கொஞ்சம் நிலக்கரியை நார்வேக்குக் கொண்டுபோனார். நார்வேயின் பிரதான நிலப்பரப்பில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது. கப்பலுக்கும் ஆலைக்கும் வெளிநாட்டுக் கரியைத்தான் நம்பியிருந்தார்கள். எனவே நார்வேக்காரர்கள் பலர் தீவுக்கு ஓடிவந்து ஆளுக்கொரு இடத்தை வளைத்துப்போட்டார்கள். ஆனால் சுரங்கம் வெட்டும் அளவுக்குப் பெரும்பாலானவர்களிடம் பணம் இல்லை.

பனிப்பிரதேசத்தில் நிலக்கரி எப்படி?

நிலக்கரி என்றாலே ஒரு காலத்தில் அங்கே அடர்ந்த தாவரங்கள் இருந்தன என்று அர்த்தம். இன்று ஸ்வால்பார்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. அப்புறம் எப்படி?

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி இன்றைவிட ரொம்பவே வெப்பமாக இருந்தது. ஸ்வால்பார்டும் இன்றைய இடத்தைவிடச் சற்றுத் தெற்கே இருந்தது. கடலோரச் சமவெளியில் காடுகளும் சதுப்பு நிலங்களும் இருந்தன. விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் சேர்ந்தன. பிறகு கடல் உள்ளே வந்து, அவற்றின் மேல் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்த எடையும் பூமியின் வெப்பமும் சேர்ந்து தாவரக் குவியலைக் கரியாக்கின. இந்தப் பாறைகளில் கிடைத்த இலைப் படிமங்களை 19-ம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து அறிஞர் ஆஸ்வால்டு ஹீர் ஆராய்ந்து, ஆர்க்டிக்கில் காடு இருந்ததை விளக்கியிருந்தார்.

ஸ்வால்பார்டில் இதைவிடப் பழைய நிலக்கரியும் உண்டு. பிரமிடன் என்ற இடத்தில் இருப்பது 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்போது இந்த நிலப்பகுதி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தது. கண்டங்கள் நகர நகர, கரியும் வடக்கே பயணப்பட்டது.

லாங்இயர் பார்த்தது 6 கோடி ஆண்டுக் கரி. அதில் இரண்டு வசதிகள் இருந்தன. ஒன்று, அடுக்கு பெரும்பாலும் கிடைமட்டமாகக் கிடந்தது. பனியாறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாக அறுத்துவிட்டதால், மலைச்சரிவிலேயே கரி வெளியே தெரிந்தது. கிணறு போலத் தோண்ட வேண்டாம், குகை மாதிரி நேராக உள்ளே போகலாம். இரண்டாவது, நிலம் நிரந்தரமாக உறைந்திருந்தது. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறும் தொல்லை இல்லை.

சிரமங்களும் உண்டு. கரி அடுக்கு பல இடங்களில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம்கூட இல்லை. குனிந்தும் படுத்தும்தான் வெட்ட வேண்டும். தண்ணீர் இல்லாததால் நிலக்கரித் தூசு காய்ந்து பறக்கும். அதில் தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

பட்டா யாரிடம் வாங்குவது?

1904-ல் அட்வென்ட் குடாவில் ஒரு நார்வே நிறுவனத்தின் கைவசம் இருந்த இடத்தை லாங்இயர் வாங்கினார். 1906-ல் பாஸ்டன் தொழிலதிபர் ஃப்ரெடெரிக் ஏயருடன் சேர்ந்து 'ஆர்க்டிக் கோல் கம்பெனி'யைத் தொடங்கினார். அதே ஆண்டு சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் அடிவாரத்தில் முளைத்த குடியிருப்புக்கு 'லாங்இயர் சிட்டி' என்று பெயர்.

சரி, வாங்கினார் என்றால் யாருடைய சட்டப்படி வாங்கினார்? இங்கேதான் சிக்கல். ஸ்பிட்ஸ்பெர்கன் அப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. சர்வதேசச் சட்டத்தில் அது 'யாருக்கும் உரிமையில்லாத நிலம்'. பதிவு அலுவலகம் இல்லை, போலீஸ் இல்லை, வரியும் இல்லை. ஒரு போர்டு நட்டு, 'இது எங்கள் இடம்' என்று எழுதி, தன் நாட்டு அரசுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அவ்வளவுதான் பட்டா. நாளைக்கு வேறொருவர் வந்து அதே இடத்தில் இன்னொரு போர்டு நட்டால், வழக்குப் போட கோர்ட் கிடையாது.

வரி இல்லாதது முதலாளிக்கு லாபம். சட்டம் இல்லாதது முதலாளிக்கும் ஆபத்து, தொழிலாளிக்கும் ஆபத்து. நிர்வாகம் அமெரிக்கர்களுடையது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் நார்வேக்காரர்கள். மொழி வேறு, சம்பளத் தகராறு வேறு. ஸ்ட்ரைக் வந்தால் பேசித் தீர்க்க நடுவர் யாரும் இல்லை. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், மாதக்கணக்கில் கப்பல் வராது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் மறுபடி எட்டிப்பார்க்க பிப்ரவரி ஆகும். வேலை பிடிக்கவில்லை என்று கிளம்பிப் போகவும் வழியில்லை. அந்த இருட்டில் கரியை வெட்டிக் குவித்து வைப்பார்கள். மலைச்சரிவிலிருந்து கடற்கரைக்குக் கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் கரி இறங்கும். கோடையின் சில மாதங்களுக்குள் கப்பலேற்றி முடித்துவிட வேண்டும்.

அட்வென்ட் குடாவின் எதிர்க்கரையில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் இதே நேரத்தில் முயன்றது. சில வருடங்களிலேயே, 1908-ல் கைவிட்டது. லாங்இயர் தாக்குப்பிடித்தார்.

தன் இடத்துக்குப் பாதுகாப்பு கேட்டு அவர் வாஷிங்டன் அரசை அணுகினார். தீவைச் சொந்தம் கொண்டாடும் எண்ணம் அமெரிக்காவுக்கு இல்லை. தன் குடிமக்களின் சொத்துக்குப் பாதிப்பு வரக் கூடாது என்பதில் மட்டும் அக்கறை காட்டியது. 1910, 1912, 1914 என மூன்று முறை நார்வே தலைநகரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, தீவை யார் எப்படி ஆளுவது என்று பேசினார்கள். மூன்றாவது மாநாடு நடந்துகொண்டிருந்த காலத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. பேச்சு அப்படியே நின்றுபோனது.

விற்றுவிட்டுப் போன கதை

போர், லாங்இயருக்கு இரட்டை அடி. கப்பல் கிடைப்பது கஷ்டமானது, வடகடலுக்குச் சாமான் அனுப்புவது அதைவிடக் கஷ்டமானது. கரி மலைக்குள் பத்திரமாக இருந்தது. அதை வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டது. 1915-ல் சுரங்க வேலை நிறுத்தப்பட்டது. கேட்டுப் பெற ஒரு பட்டாவும் இல்லை, காவலுக்கு ஓர் அரசும் இல்லை என்ற நிலையில், சொத்தை விற்பதே வழி என்றானது.

வாங்க நார்வே தயாராக இருந்தது. போரினால் வெளிநாட்டுக் கரி வரத்து சிக்கலாகியிருந்த நேரம் அது. 1916-ல் நார்வே வங்கிகளின் ஆதரவோடு உருவான 'ஸ்டோரே நோர்ஸ்கே' நிறுவனம் லாங்இயரின் சுரங்கத்தையும் ஊரையும் வாங்கியது. தீவின் மிகப் பெரிய தொழில் நார்வேக்காரர்கள் கைக்குப் போனதும், தீவே எங்களுடையது என்ற நார்வேயின் வாதத்துக்கு வலு கூடியது.

1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் ஸ்பிட்ஸ்பெர்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆட்சியுரிமை நார்வேக்கு. ஆனால், கையெழுத்திட்ட எல்லா நாட்டு மக்களும் அங்கே சமமாகத் தொழில் செய்யலாம். லாங்இயர் வருடக்கணக்கில் கேட்ட சட்டப் பாதுகாப்பு அவர் விற்ற நான்காவது வருடம் காகிதத்தில் வந்தது. 1925-ல் அது அமலுக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1922 மே 28 அன்று, ரயிலேற்றிக் கொண்டுபோன அதே வீடு இருந்த ப்ரூக்லைனில், 72-வது வயதில் காலமானார். 1926-ல் 'லாங்இயர் சிட்டி' என்பது 'லாங்இயர்பியன்' ஆனது.

கரிக்குக் கொடுத்த விலை

அவர் தொடங்கிய சுரங்கம் அவருக்கும் முன்பே மூடப்பட்டுவிட்டது. 1920 ஜனவரி 3 அன்று அங்கே நிலக்கரித் தூசு வெடித்து 26 பேர் இறந்தார்கள். அதற்கு முன், 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ ஏழு இளைஞர்களைப் பலிகொண்டது. உறைந்த மண்ணில் புதைக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைகளை 1998-ல் விஞ்ஞானிகள் திறந்து, வைரஸின் தடயம் தேடினார்கள்.

இன்று லாங்இயர்பியனில் சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். பல்கலைக்கழக மையம் இருக்கிறது, சுற்றுலா இருக்கிறது, 2008-ல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. ஊருக்கு மின்சாரம் தந்த நிலக்கரி அனல்மின் நிலையம் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, டீசலுக்கு மாறிவிட்டது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1920 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் ஓர் உறுப்பினர். இந்தியா 2008-ல் திறந்த 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இதே தீவின் நி-ஓலெசுண்டில் இயங்குகிறது. அதுவும் ஒரு பழைய நிலக்கரிக் கிராமம்தான். 1962-ல் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்த பிறகு அங்கே கரி வெட்டுவது கைவிடப்பட்டது.

1946-க்கு முந்தைய மனிதத் தடயங்கள் எல்லாவற்றையும் ஸ்வால்பார்டில் சட்டம் பாதுகாக்கிறது. அதனால் லாங்இயர் காலத்துச் சுரங்க வாசல் இன்னும் இடிக்கப்படவில்லை. ஊரின் தேவாலயத்துக்கு மேலே, மலைச்சரிவில் அதை இன்றும் பார்க்கலாம்.