கைக்கூலி கொள்ளாத கை

தமிழ் நாவலின் வரலாறு பேசப்படும் மேடைகளிலெல்லாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயர் முதலில் வரும். வந்த வேகத்தில் மறைந்தும் போகும். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முதல் நாவல் என்று சொல்லி, அதன் குறைகளையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, இராஜம் ஐயருக்கும் மாதவையாவுக்கும் நகர்ந்துவிடுவது நம் வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகச் சிந்தனையையும் அதன் தொன்மையான வேர்களையும் பற்றி இம்மலருக்கு எழுதுமாறு வட்டத்து நண்பர்கள் பணித்தபோது, உரோமாபுரியிலிருந்து தொடங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் முடித்து வந்து கவிதை வாசிக்கும் கும்மிடிப்பூண்டிக் கவிஞர்களுக்குக் கூலி என்பது ஏட்டுச் சொல் அன்று. அறமும் கூலியும் மோதும் இடத்தில் நின்ற ஒரு தமிழரின் வாழ்க்கையைச் சொல்வதே பொருத்தம் எனத் தோன்றியது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார் வேதநாயகம். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மை. தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை விலைக்கு வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அடுத்துச் சீகாழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றியதால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

உரிமையியல் நீதியின் அடிப்படிக்கட்டில் இருப்பவர் முன்சீப். பெரிய ஜமீன் வழக்குகள் மேலே போய்விடும். கடன் பத்திரம், வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர் என்று ஏழையும் நடுத்தரக் குடியானவனும் வந்து நிற்குமிடம் அவருடைய மேசைதான். அரசாங்கம் என்ற ஒன்றின் முகத்தை அவர்கள் பார்ப்பது அங்கேதான். அந்த முகம் விலைக்குக் கிடைக்குமானால் அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. 1859இல் வேதநாயகர் வெளியிட்ட ‘நீதிநூல்’ கைக்கூலிக்கென்று தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கியது இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது. இலஞ்சத்துக்குத் தமிழ் தந்த பெயரே கைக்கூலி! உழைத்தவன் பெறுவது கூலி. உழைக்காத கை, உழைத்தவனிடமிருந்தே பிடுங்குவது கைக்கூலி. திருக்குறளுக்குப் பின் எத்தனையோ நீதிநூல்கள் தோன்றியுள்ளன. தீர்ப்பு எழுதும் நாற்காலியில் அமர்ந்துகொண்டே தன் வர்க்கத்தாரின் கையைச் சுட்டிப் பாடியவர் இவர் என்பதில்தான் தனித்தன்மை உள்ளது.

நீதிநூலினும் எனக்கு வியப்பளிப்பது ‘சித்தாந்த சங்கிரகம்’. 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றத்தில் வழங்கப்பெற்று ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி 1862இல் வெளியிட்டார். புரியாத மொழியில் தீர்ப்புப் பெறுவது பாதி நீதிதான் என்பதைத் தம் வேலையினூடே கண்டுணர்ந்தவர் அவர். தமிழ் மண்ணின் நீதிமன்றத்தில் தமிழ் வழக்கறிஞர்கள் தமிழ் நீதிபதி முன் ஆங்கிலத்தில் வாதிடும் கேலிக்கூத்தைப் பின்னாளில் தம் நாவலிலும் விடாமல் சாடினார். பெண்கல்வியை வற்புறுத்திப் ‘பெண்மதி மாலை’ இயற்றியதோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளியும் தொடங்கினார்.

இவ்விடத்தில் வேறொரு நீதிபதி நினைவுக்கு வருகிறார். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரிலிருந்து ஆட்சி புரிந்த உரோம ஆளுநர் அம்புரோஸ். 374இல் மக்கள் வற்புறுத்தி அவரை ஆயராக்கினர். தம் பொன்னையும் வெள்ளியையும் ஏழைகளுக்கும் திருச்சபைக்கும் கொடுத்துவிட்டு அப்பொறுப்பை ஏற்றார். சிறைப்பட்டோரை மீட்கக் கோயிற் பாத்திரங்களை உருக்கினார். இலத்தீன் மொழியில் இறைப்பாடல்கள் இயற்றிய கவிஞரும் அவரே. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் பறித்த விவிலியக் கதையை வைத்து அவர் எழுதிய நூலின் சாரம் இது: நிலம் அனைவர்க்கும் பொது, செல்வன் ஏழைக்குத் தருவது தன்னுடையதை அன்று, ஏழைக்குரியதையே திருப்பித் தருகிறான். ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட மக்கள் முன்னேற்றம் பற்றிய திருமடல் அம்புரோசின் இக்கருத்தைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறது. நீதியும் பாட்டும் ஒரே கையில் அமைந்த இருவரை அருகருகே நிறுத்துவது என் விருப்பம். கோடு நான் இழுத்தது.

1870களின் தொடக்கத்தில் வேதநாயகர் பணி ஓய்வு பெற்றார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். 1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் நினைவில் நின்ற அப்பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்து இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஊர் ஊராக எலும்புக்கூடுகள் நடந்த அந்நாள்களிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று அளந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனால் உடல் நலியும் என்று வாதாடிய பின்னரே இங்கு அந்த அளவு உயர்ந்தது. நம் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டுச் செல்கிறதே பக்கிங்காம் கால்வாய், அது அன்றைய ஆளுநரின் பெயரைத் தாங்கியது. அக்கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1877-78இல் பஞ்சக் கூலிகளின் கைகளால் வெட்டப்பட்டது.

மாயூரத்தில் வேதநாயகர் தம் பொருளை வாரி இறைத்துக் கஞ்சி வார்த்தார். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் பாடினார். ‘நந்தனார் சரித்திரம்’ தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைக் கண்டு உருகி இவர்மீது கீர்த்தனை இயற்றினார். சேரிக்காரரான நந்தனை நாயகனாக்கிப் பாடிய சிவபக்தர், ஒரு கத்தோலிக்க முன்சீப்பைப் பாடியது தற்செயலன்று. இரண்டு இடங்களிலும் அவர் கண்டது ஒன்றையே என்பது என் கருத்து. இதற்கு முன்பே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடியிருந்தார். இவரோ திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரைப் பாடினார். 1878இல் வெளிவந்த கீர்த்தனை நூலுக்கு ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’ என்று பெயரிட்டார். கஞ்சித் தொட்டியில் சமயம் பார்க்காதவர் பாட்டிலும் பார்க்கவில்லை.

கி.பி. 369ஐ ஒட்டிக் கப்பதோக்கிய நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, செசரியாவின் குருவாயிருந்த பசிலியார் தம் பூர்வீகச் சொத்தை விற்றுக் கூழ் வார்த்தார். அதே மூச்சில் களஞ்சியங்களைப் பூட்டி விலையேற்றத்துக்குக் காத்திருந்த வணிகர்களைக் கடிந்துரைத்துக் கதவுகளைத் திறக்கச் செய்தார். மிகுதியாக வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் மடித்து வைத்த ஆடை ஆடையற்றவனுடையது என்பது அவர் கொள்கை. மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த நமக்குக் கூழ் வார்ப்பது புதிதன்று. பதுக்கியவனைத் திருடன் என்று சொல்வதுதான் புதிது.

அந்த இரண்டாவது அடியை வேதநாயகர் எடுத்து வைத்தாரா? இங்கே நான் அவர் அன்பர்களோடு சற்று வேறுபடுகிறேன். கைக்கூலி வாங்கிய கையைத் தயங்காமல் சுட்டியவர், கூலியை 450 கிராமாக அளந்த கையைச் சுட்டவில்லை. ஆங்கில ஆட்சி தந்த நீதிமன்ற ஒழுங்கில் அவருக்கு இருந்த நம்பிக்கை அவர் பார்வையை ஓரளவு மறைத்தது எனலாம். தனிமனிதனின் அறம் பழுதுபட்டால் கண்டுகொள்ளும் கண், அமைப்பே பழுதாக இருக்கையில் வானத்தை நோக்கியது. அவர் முறையீடுகள் ஆளுநர் மாளிகைக்குச் செல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்வது எளிது. பஞ்சத்தில் கையிருப்பைக் கரைத்தவரிடம் இன்னும் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்ற கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒப்பந்தக் கூலிகளைப் பாடும் இளங்கவிஞர்கள் இருக்கும் வட்டத்தில் இக்கேள்வியை மறைப்பது நேர்மையாகாது.

பஞ்சம் தணிந்தபின் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது. அதில் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாளின் கையில்தான் தம் கனவு அரசை ஒப்படைத்தார் ஆசிரியர். தாம் அரசாங்கத்திடம் கேட்காதவற்றையெல்லாம் அப்பெண்ணின் ஆட்சியில் நடத்திப் பார்த்தாரோ என்னவோ! 1887இல் ‘சுகுணசுந்தரி’ வந்தது.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். தொழிலாளியின் கூலி, அவன் ஒப்புக்கொண்டான் என்ற ஒரே காரணத்தால் நியாயமாகிவிடாது. அவன் உயிர் தாங்கும் அளவுக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்த திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் ‘ரேரும் நோவாரும்’ திருமடல் 1891 மே 15இல் வெளிவந்தது. இடையில் இருபத்திரண்டு மாதங்கள்.