மூளையின் மின்சாரத்தைப் படம் பிடித்தவர்: இ.இ.ஜி. தந்த ஹான்ஸ் பெர்கரின் இரு முகங்கள்

ஃபிட்ஸ் வந்த ஒருவரை நியூராலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போனால், அவர் எழுதித் தரும் முதல் டெஸ்ட்களில் ஒன்று இ.இ.ஜி. தலையில் அங்கங்கே பசை தடவி, இருபது சொச்சம் ஒயர்களை ஒட்டுவார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு என்பார்கள். திரையில் கோடு கோடாக அலைகள் ஓடும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வலியும் கிடையாது.

மனித மூளையின் மின்சாரத்தை முதன்முதலில் இப்படிப் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். வலிப்பு என்பது பேயோ சாபமோ அல்ல, மூளை செல்களின் மின்சாரக் கோளாறு என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்ட வழி செய்தவர். அதே மனிதர், வலிப்பு உள்ளவர்களுக்குக் குழந்தையே பிறக்கக் கூடாது என்று கத்தி எடுத்த ஓர் அரசின் மன்றத்திலும் உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டாவது பாதி ரொம்ப காலம் வெளியில் பேசப்படவே இல்லை.

யார் இந்த ஹான்ஸ் பெர்கர்?

1873 மே 21 அன்று ஜெர்மனியில் கோபுர்க் நகரை ஒட்டிய நாய்செஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். அம்மாவழித் தாத்தா ஃபிரெட்ரிக் ருக்கர்ட், ஜெர்மன் மொழியின் புகழ்பெற்ற கவிஞர். சமஸ்கிருதம், பாரசீகம், அரபு எல்லாம் அறிந்தவர்.

பெர்கருக்கு ஆரம்பத்தில் ஆசை வானியல் மேல்தான். அதற்காகவே யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் ஓராண்டு ராணுவப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஒருநாள் குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. பின்னால் பீரங்கி வண்டி வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் வண்டி நின்றதால் உயிர் தப்பினார்.

அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. பல மைல் தூரத்தில் இருந்த அவருடைய அக்காவுக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டிருக்கிறது. நச்சரித்து அப்பாவைத் தந்தி அடிக்க வைத்திருக்கிறார்.

தற்செயல் என்று அதை விட்டுவிட பெர்கரால் முடியவில்லை. ஆபத்து நேரத்தில் தன் மூளையிலிருந்து ஏதோ ஒரு சக்தி கிளம்பி அக்காவை எட்டியது என்றே நம்பினார். வானியலை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1897-ல் யேனாவில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே மனநல மருத்துவமனையில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். டெலிபதி என்று அவர் நம்பிய விஷயத்துக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தப்பான கேள்விதான் அவரைச் சரியான கருவியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தோல்வி மேல் தோல்வி

மூளையின் சக்தியை எப்படி அளப்பது? முதலில் மூளையில் ரத்தம் ஓடும் வேகத்தில் தேடினார். பிறகு மூளையின் வெப்பநிலையில் தேடினார். இரண்டிலும் உருப்படியான விடை கிடைக்கவில்லை. வருடங்கள்தான் ஓடின.

மிச்சம் இருந்தது மின்சாரம். 1875-லேயே லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு மூளைகளில் லேசான மின்னோட்டம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது மூளையைத் திறந்து வைத்துச் செய்த சோதனை. உயிரோடு இருக்கும் மனிதனின் தலையில், தோலுக்கும் எலும்புக்கும் வெளியே இருந்து அதைப் பிடிக்க முடியுமா?

தலையின் மேல் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு குறைவு தெரியுமா? சுமார் 50 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. பெர்கருக்கோ மின்சாரக் கருவிகள் பற்றிப் பெரிய பயிற்சி கிடையாது. 1919-ல் பேராசிரியராகவும் மருத்துவமனையின் தலைவராகவும் ஆனார். பகலில் அந்த வேலை. அது முடிந்த பிறகு, அதிகம் பேரிடம் சொல்லாமல் இந்தச் சோதனை.

1924 ஜூலை 6

அன்றைக்கு 17 வயதுப் பையன் ஒருவனின் மூளையிலிருந்து வரும் மின்னலைகளை அவரால் பதிவு செய்ய முடிந்தது. அறுவை சிகிச்சையால் அவன் மண்டை எலும்பில் ஒரு பகுதி திறந்திருந்தது. மனித மூளையின் முதல் இ.இ.ஜி. அதுதான்.

பார்த்ததும் ஊருக்குச் சொல்லிவிடவில்லை. இது மூளையிலிருந்துதான் வருகிறதா? இதயத் துடிப்பா, தசை அசைவா, கருவியின் கோளாறா? ஐந்து வருடம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். தன் தலையிலும், டீன் ஏஜ் மகன் கிளவுஸின் தலையிலும் மின்முனைகளை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். 1929-ல்தான் முதல் கட்டுரையை வெளியிட்டார்.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்குப் பத்து தடவை போல ஏறி இறங்கும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். கண்ணைத் திறந்தால் அது மறைந்து, சின்னச் சின்ன வேகமான அலைகள் வரும். அவற்றுக்கு பீட்டா என்று பெயர். இந்தப் பெயர்களைத்தான் டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஜெர்மனியில் பலர் இதை நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியனும் அவருடைய சகா மாத்யூஸும் அதே சோதனையைச் செய்து பார்த்து, பெர்கர் சொன்னது சரி என்று அறிவித்தார்கள். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

வலிப்புக்கு இதனால் என்ன லாபம்?

வலிப்பு உள்ளவர்களின் அலைகள் மாறுபடுவதை பெர்கரே தன் கட்டுரைகளில் பதிவு செய்தார். பெரிய திருப்பம் 1935-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் வந்தது. ஃபிரெட்ரிக் கிப்ஸ், ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லெனாக்ஸ் மூவரும் ஒரு குறிப்பிட்ட வகை வலிப்புக்கு அதற்கே உரிய அலை இருப்பதைக் காட்டினார்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை திடீரென்று சில நொடி வெறித்துப் பார்க்கும். கூப்பிட்டால் பதில் வராது. அப்புறம் எதுவுமே நடக்காதது போலத் தொடரும். கீழே விழாது, கை கால் வெட்டி இழுக்காது. கவனமே இல்லை என்று டீச்சர் திட்டுவார். உண்மையில் அது ஒரு வலிப்பு. இ.இ.ஜி.யில் நொடிக்கு மூன்று தடவை, கூர்முனையும் அலையும் ஜோடி ஜோடியாக வரும். டெஸ்ட்டில் வேகமாக மூச்சு விடச் சொல்வது ஏன் என்றால், இந்த வகை வலிப்பு அப்போது எளிதில் வெளிப்படும்.

வகை தெரிவது ஏன் முக்கியம்? ஒரு வகைக்குக் கேட்கும் மாத்திரை இன்னொரு வகையை மோசமாக்கலாம். பல பேருக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபின், இந்த வெறித்துப் பார்க்கும் வகையை அதிகப்படுத்திவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இ.இ.ஜி. நார்மல் என்றால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். அதனால்தான் சிலரைத் தூக்கம் விழித்து வரச் சொல்லித் திரும்ப எடுக்கிறார்கள். வலிப்பு வந்தபோது என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லும் விவரம்தான் டாக்டருக்கு இன்றும் முதல் ஆதாரம். செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

பெர்கர் உட்கார்ந்த இன்னொரு நாற்காலி

கேம்பிரிட்ஜும் பாஸ்டனும் பெர்கரின் கண்டுபிடிப்பைக் கொண்டாடிய அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. அந்தப் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. இந்தச் சட்டத்தால் கருத்தடை செய்யப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்.

வலிப்பு பரம்பரையாக வந்ததா, தலையில் பட்ட அடியால் வந்ததா, காய்ச்சலில் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல அன்று எந்த டெஸ்ட்டும் கிடையாது. ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்டது. ஒரு நீதிபதி, இரண்டு டாக்டர்கள் கொண்ட மன்றம் முடிவு செய்யும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் உயர் மன்றம் விசாரிக்கும். யேனாவில் இருந்த அந்த உயர் மன்றத்தில் டாக்டர் உறுப்பினராக இருந்தவர் ஹான்ஸ் பெர்கர்.

அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. ஆனால் எஸ்.எஸ். படைக்குச் சந்தா கட்டும் ஆதரவு உறுப்பினராக இருந்தார். 1938-ல் 65 வயதில் ஓய்வு பெற்றார். 1941-ல் மன்றப் பணிக்கு மறுபடி அழைத்தபோதும் சம்மதம் தெரிவித்தார். 1941 ஜூன் 1 அன்று, கடுமையான மன அழுத்தத்தில் இருந்த பெர்கர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

போருக்குப் பிறகு, நாஜிகளால் பதவியிலிருந்து துரத்தப்பட்ட அப்பாவி விஞ்ஞானி என்றே பாடப்புத்தகங்கள் அவரை எழுதின. காப்பகங்களில் இருந்த கோப்புகளை ஆய்வாளர்கள் புரட்டிய பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது.

நம் ஊர்க் கதை என்ன?

பெர்கர் தெரியாமல் செய்தவர் அல்ல. வலிப்பின் அலையைத் தன் கண்ணால் பார்த்தவர். அந்த அறிவு இருந்தும், ரத்தத்தில் வரும் களங்கமாக அதைப் பார்த்த சட்டத்துக்குத் துணை போனார். நோய் என்ன என்று தெரிந்துகொள்வது ஒன்று. நோயாளியைச் சக மனிதராகப் பார்ப்பது வேறொன்று.

நம்மிடமும் இந்த இடைவெளி இருக்கிறது. அடிக்கடி வலிப்பு வருவதைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர இந்து திருமணச் சட்டத்தில் 1999 வரை இடம் இருந்தது. அந்த ஆண்டுதான் வலிப்பு என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். வரன் பார்க்கும் வீடுகளிலிருந்து அது இன்னும் போகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், ஆரோக்கியமான குழந்தையும் பெறலாம். ஆனால் மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கல்யாணம் நிச்சயமானால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மாத்திரையை அவர் முன்கூட்டியே மாற்றித் தருவார்.