டார்வின் கண்ட பவளத் தீவுகள்

பசிபிக் மாகடலிலும் இந்து மாகடலிலும் கலம் செலுத்திய மாலுமிகள் நெடுங்காலமாக ஒரு புதுமையைக் கண்டு வந்தனர். ஆழம் காணவியலாத நடுக்கடலில், நீர்மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்து, வளையல் போல் வட்டமிட்டுக் கிடக்கும் தீவுகளே அவை. வளையத்தின் புறத்தே பேரலைகள் முழங்கி மோதும்; அகத்தேயோ காயல் நீர் பச்சைக் கண்ணாடி போல் அசைவற்றிருக்கும். இத்தீவுகளை ஆக்கியவை பவளம் என்னும் சிற்றுயிர்கள் என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். ஆயின், அவ்வுயிர்கள் ஆழமற்ற நீரில் மட்டுமே பாறை கட்ட வல்லன. அங்ஙனமாயின், பல்லாயிரம் அடி ஆழமுள்ள கடலில் அவை எதன்மேல் நின்று கட்டத் தொடங்கின? இவ்வினாவிற்கு விடை கண்டவர், உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் ஆவார்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள சுரூசுபரி நகரில் பிறந்தார். தந்தையாரும் பாட்டனாரும் பெயர் பெற்ற மருத்துவர்கள். மகனும் மருத்துவனாக வேண்டும் என விரும்பிய தந்தையார் அவரை எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. குழந்தை ஒன்றிற்கு நடந்த அறுவை மருத்துவத்தைக் கண்ட இளைஞர், அது முடியுமுன்னரே அறையினின்று ஓடிவிட்டார். பின்னர்ச் சமயகுருவாகும் பொருட்டுக் கேம்பிரிட்சில் சேர்க்கப்பட்டார். அங்கும் பாடங்களைவிட வண்டுகளைத் தேடிச் சேர்ப்பதிலேயே அவர் மனம் ஈடுபட்டது. தாவரநூல் பேராசிரியர் என்சுலோ அவரிடம் மறைந்திருந்த ஆற்றலை உணர்ந்தார். அவர் பரிந்துரையால், உலகைச் சுற்றவிருந்த பீகிள் என்னும் கப்பலில் செல்லும் வாய்ப்பு டார்வினுக்குக் கிட்டியது. தந்தையார் முதலில் இசையவில்லை. தாய்மாமன் வெட்ச்வுட் எடுத்துரைத்த பின்னரே விடை கொடுத்தார். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கப்பல் புறப்பட்டபோது டார்வினுக்கு வயது இருபத்திரண்டு.

கடல்நோய் அவரைப் பயணம் முழுவதும் வாட்டியது. எனினும், நிலநூல் அறிஞர் லயல் எழுதிய நூலை அவர் ஆர்வத்துடன் கற்றார். கடலில் மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பில் பவளங்கள் வளர்ந்தமையால் வட்டத் தீவுகள் உண்டாயின என்பது லயலின் கருத்து. ஆசானாகத் தாம் மதித்த அவரது கருத்தை ஏற்க டார்வினின் அறிவு இடந்தரவில்லை. அத்தனை எரிமலை வாய்களும் ஒரே உயரத்தில், நீர்மட்டத்தை ஒட்டியே அமைந்திருத்தல் எங்ஙனம் இயலும்? சில வளையத் தீவுகளின் பரப்போ, எந்த எரிமலை வாயினும் பன்மடங்கு பெரிது.

1835ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தென்னமெரிக்காவின் மேலைக் கரையில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அப்போது டார்வின் சிலி நாட்டில் வால்டிவியாவை அடுத்த காட்டில் தரையில் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். சில நாள் கழித்துக் கன்செப்சியன் நகரை அடைந்தபோது, வீடுகள் யாவும் கற்குவியல்களாகக் கிடக்கக் கண்டார். அழிவைக் கண்டு வருந்திய அவர் கண்ணுக்கு மற்றொன்றும் புலனாயிற்று. கரையோரத்து நிலம் உயர்ந்திருந்தது! அருகிலுள்ள தீவொன்றில், நீருக்குள் வாழ வேண்டிய சிப்பிகள் நீர் எட்டாத உயரத்தில், பாறையில் ஒட்டியபடியே செத்து அழுகியிருந்தன. நிலம் ஓரிடத்தில் உயருமாயின், மற்றோரிடத்தில் கடலின் அடித்தளம் தாழ்தலும் வேண்டுமன்றோ? இவ்வெண்ணமே பவளத் தீவின் புதிரை அவிழ்த்தது. வியப்பு என்னவெனில், அந்நாள்வரை டார்வின் உண்மையான பவளப்பாறை ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை.

தாழும் மலைத்தீவு ஒன்றை அவர் கருத்தில் கண்டார். தொடக்கத்தில் பவளங்கள் அதன் கரையை ஒட்டி வேலி போல் வளர்கின்றன. தீவு சிறிது சிறிதாகத் தாழ்கின்றது; பவளங்களோ ஒளியை நாடி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகின்றன. அதனால் கரைக்கும் பவள வேலிக்கும் இடையே நீர் புகுந்து அகல்கின்றது. இறுதியில் மலையுச்சியும் மூழ்கி மறைய, வளையம் மட்டும் எஞ்சுகின்றது. அஃது ஒரு தீவின் கல்லறைமேல் உயிர்கள் எழுப்பிய மதில் எனலாம்.

1835ஆம் ஆண்டு நவம்பரில் தாகித்தித் தீவின் குன்றொன்றில் ஏறி, எதிரேயிருந்த மூரியா தீவை அவர் நோக்கினார். நடுவே மலை, சுற்றிலும் அமைதியான நீர், அதனைச் சூழ வெண்ணுரை எறியும் பவள வேலி. சட்டமிட்ட ஓவியமொன்று அவர் நினைவுக்கு வந்தது. அந்த ஓவியத்திலிருந்து மலையை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வளையத் தீவே!

மறு ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சுமத்திராவிலிருந்து ஏறத்தாழ 600 மைல் தொலைவிலுள்ள கீலிங் தீவுகளைப் பீகிள் அடைந்தது. அங்குத் தங்கிய பன்னிரு நாளும் டார்வின் ஓயவில்லை. அலை மோதும் புறவிளிம்பை இருமுறையே அவரால் எட்ட முடிந்தது. பவளத்தைக் கடித்துத் தின்னும் மீன்களை அறுத்து, குடலில் சுண்ண மணல் நிறைந்திருத்தலைக் கண்டார். கப்பல் தலைவர் பிட்சுராய் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைப் பூசிக் கடலில் இறக்கினார். 60 அடி ஆழம் வரை கொழுப்பில் உயிருள்ள பவளங்களின் அச்சுப் பதிந்தது. அதற்குக் கீழே செல்லச் செல்ல மணலே மிகுதியாக ஒட்டி வந்தது. கரைக்கு 2200 கஜ தூரத்தில் 7200 அடிக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை.

பவளம் ஆழத்தில் பாறை கட்டாமைக்குக் காரணம் டார்வின் காலத்தில் தெரியாதது. பவளத்தின் உடலுள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவாக்கி அதற்கு ஊட்டுகின்றன என்பது பின்னரே விளங்கிற்று. கடல்நீர் அளவிறந்து வெப்பமுற்றால் அப்பாசிகள் நீங்கிப் பவளம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் மடியும். 1998ஆம் ஆண்டில் உலகின் பல கடல்களில் இத்தீங்கு நேர்ந்தது. வெப்பத்தையும் நோயையும் தாங்கும் வன்மை பவளத்துக்குப் பவளம் வேறுபடுதலையும், மரபணு வழியாக அது வழித்தோன்றல்களை அடைதலையும் இன்று அறிஞர் ஆராய்கின்றனர். வேறுபாடும் மரபும் டார்வின் தம் வாழ்நாளெல்லாம் எண்ணிய பொருள்கள் அல்லவா!

1836ஆம் ஆண்டு அக்டோபரில் டார்வின் தாயகம் திரும்பினார். அவர் விளக்கத்தைக் கேட்ட லயல், தம் கருத்தை மறுக்கும் அதனைக் கண்டு சினவாது, மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். அறிஞர்க்கு அழகான அப்பெருந்தன்மை எல்லோரிடத்தும் காணப்படுவதன்று. இடையிடையே நோயுற்று வருந்தியவாறே உழைத்து, 1842ஆம் ஆண்டில் பவளப் பாறைகளைப் பற்றிய நூலை டார்வின் வெளியிட்டார்.

அவர் கொள்கைக்குப் பின்னாளில் எதிர்ப்புத் தோன்றியது. கடலடி தாழவே இல்லை என்றும், கடலடி மேடுகளின்மேல் பவளம் வளர்ந்தது என்றும் ஜான் மர்ரே வாதிட்டார். அமெரிக்க அறிஞர் அகாசியும் டார்வினை மறுத்தார். டார்வின் சினந்து வாதிடவில்லை. 1881ஆம் ஆண்டில் அந்த அகாசிக்கே மடல் எழுதி, செல்வர் எவரேனும் பொருளுதவி செய்து வளையத் தீவுகளில் 500, 600 அடி ஆழம் துளையிட்டுப் பார்க்கச் செய்தால் நன்று என்னும் தம் அவாவைத் தெரிவித்தார். தம் கருத்துப் பொய்யாயினும் உண்மை வெளிப்படட்டும் என்பதே அவர் உள்ளம். ஆயின் அவ்வவா நிறைவேறுமுன், 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் காலமானார்.

1896 முதல் 1898 வரை, இலண்டன் அரச கழகத்தார் பசிபிக்கிலுள்ள புனாபுட்டித் தீவில் துளையிட்டனர். 1114 அடி வரை சென்றும் எரிமலைப் பாறை தென்படவில்லை. இரு சாராரும் வெற்றி தமதே என்றனர். கடலடி தாழ்வதற்கு டார்வின் கூறிய காரணம் முற்றும் சரியன்று. தரையின் ஒரு பகுதி உயர்வதற்கு ஈடாக மற்றொன்று தாழ்கின்றது என அவர் எண்ணினார். கடலடிப் பாறை நகர்ந்து செல்கையில் குளிர்ந்து தாழ்கின்றது என்பது இந்நாளைய அறிவு. ஆயினும் தாழ்தல் மெய்யா, பொய்யா என்னும் வழக்கிற்கு ஒருநாள் முடிவு வந்தது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்கர் மார்சல் தீவுகளைச் சேர்ந்த எனிவெடோக்கில் இரு துளைகள் இட்டனர். ஒன்று 4000 அடியைக் கடந்தது. மற்றொன்று 4600 அடியையும் கடந்தது. அவ்வளவு ஆழம் வரை வந்தது ஆழமற்ற நீரில் உண்டான சுண்ணப் பாறையே. அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதற்கும் கீழே இறங்கிய துளைக்கருவி, கரிய எரிமலைப் பாறையின் துண்டுகளை மேலே கொணர்ந்தது.