கடிகாரத்தை வென்ற பெரில் பேர்ட்டன்

விளையாட்டுச் சாதனை என்றதும் ஒலிம்பிக் பதக்கமே நம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றது. ஒலிம்பிக் அரங்கில் ஒரு தடவையேனும் களமிறங்கும் வாய்ப்புக் கிட்டாத நிலையிலும், சைக்கிளோட்ட வரலாற்றில் அழியாத இடத்தைப் பெற்றவர் இங்கிலாந்தின் பெரில் பேர்ட்டன். அவரது வாழ்வை நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

1937 மே 12ஆம் திகதி லீட்ஸ் நகரின் ஹோல்டன் பகுதியில் பிறந்த அவர், சிறுவயதில் வாதக் காய்ச்சலினாற் கடுமையாகப் பீடிக்கப்பட்டார். பல மாதங்கள் வைத்தியசாலையிலும், அதன் பின்னர் உடல்தேறும் இல்லத்திலும் கழிந்தன. இருதயம் பலவீனமுற்றிருந்தமையால் கடும் பயிற்சிகளைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் அறிவுறுத்தியிருந்தனர். அத்தகைய ஒருவரே பின்னாளில் உலக சம்பியனானார்.

அவரைச் சைக்கிளோட்டத்துக்கு அழைத்து வந்தவர் கணவர் சார்லி பேர்ட்டன். மனைவியின் ஆற்றல் தம்முடையதிலும் மேலானது என்பதை விரைவிலேயே உணர்ந்துகொண்ட சார்லி, சைக்கிளைப் பழுது பார்ப்பது முதல் குழந்தையைப் பராமரிப்பது வரை சகலவற்றிலும் துணை நின்றார். பெரிலோ மோர்லியில் ருபார்ப் செடி பயிரிடும் பண்ணையொன்றில் உடலுழைப்பாளராகப் பணிபுரிந்தவாறே பயிற்சி பெற்றார். தமது போட்டி வாழ்வு முழுவதும் அமெச்சூர் வீராங்கனையாகவே நிலைத்திருந்தார்.

பெண்களுக்கான உலக சைக்கிளோட்ட சம்பியன் போட்டிகள் 1958இலேயே ஆரம்பமாகின. மறுவருடம் பெல்ஜியத்தின் லீஜ் நகரில், ஓடுதளத்தின் எதிரெதிர்ப் புறங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் 3,000 மீற்றர் போட்டியில் பெரில் முதலிடம் பெற்றார். 1960, 1962, 1963, 1966ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது. 1960இலும் 1967இலும் வீதியோட்டத்திலும் உலக சம்பியனானார். பிரித்தானியாவில் வருடத்தின் சிறந்த நேரக் கணிப்பு வீராங்கனைக்கான விருதை 1959 முதல் 1983 வரை தொடர்ச்சியாக 25 தடவைகள் தம்வசப்படுத்தினார்.

எனினும் 1967 செப்டெம்பரில் யோர்க்ஷையரில் நிகழ்ந்ததே அவரது வாழ்வின் உச்சம் எனலாம். 12 மணித்தியாலப் போட்டியொன்றில் ஆண்களுக்குப் பின்னர் புறப்பட்ட பெரில், அவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, இறுதியில் மைக் மக்னமாராவையும் எட்டிப் பிடித்தார். கடந்து செல்கையில் அதிமதுர மிட்டாய் ஒன்றை அவரிடம் நீட்ட, அவரும் அதனைப் பெற்றுக்கொண்டார். அன்று மக்னமாரா 276.52 மைல்களை ஓடி ஆண்களுக்கான புதிய சாதனையை நிலைநாட்டினார். பெரில் ஓடியதோ 277.25 மைல்கள்! ஆண்கள் அதனை விஞ்ச 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கான சாதனையாக அது 2017 வரை, அதாவது 50 ஆண்டுகள், நிலைத்திருந்தது.

இத்தகைய வீராங்கனைக்கு ஒலிம்பிக் கதவு ஏன் திறக்கவில்லை? பெண்களுக்கான சைக்கிளோட்டம் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அப்போது பெரிலுக்கு வயது 47. அவர் உலக அரங்கில் உச்சத்திலிருந்த துரத்தற் போட்டி, பெண்களுக்கு 1992இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. தகைமை அவரிடம் இருந்தது, களந்தான் மறுக்கப்பட்டிருந்தது.

அவரைக் குறையற்றவராகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. 1976இல் தேசிய வீதியோட்டத்தில் மகள் டெனிஸ் இறுதிக் கணத்தில் தம்மை வென்றபோது, பரிசளிப்பு மேடையில் மகளுக்குக் கைகொடுக்கவும் அவர் மறுத்துவிட்டார். அவரை உயர்த்திய அதே வேட்கை, அன்று தாய்மையையும் மறைத்து நின்றது.

1996 மே 5ஆம் திகதி, தமது 59ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், விருந்துக்கான அழைப்பிதழ்களை வழங்கச் சைக்கிளிற் சென்றவேளை இருதயம் செயலிழந்து அவர் காலமானார். வைத்தியர்கள் ஐயுற்ற இருதயம் நாற்பது ஆண்டுகள் அவருக்கு ஈடுகொடுத்திருந்தது.

பெண்களுக்கு இவ்வளவுதான் இயலும் என எல்லை வகுப்போர் இன்றும் உள்ளனர். ஓடிய தூரத்தையும் எடுத்த நேரத்தையும் மாத்திரமே அறிந்த கடிகாரம், ஆண், பெண் என்ற பேதம் பார்ப்பதில்லை. பெரில் பேர்ட்டனின் வாழ்வு நமக்கு உணர்த்துவதும் அதுவே.