இசைமேதை வெர்டி

மாணவரின் திறமையை அளப்பதற்குக் கல்விக்கூடங்கள் பல விதிகளை வகுத்துள்ளன. ஆயினும், அவ்விதிகளுக்குள் அடங்காத திறமையும் உலகில் உண்டு. இவ்வுண்மையை இத்தாலிய இசைமேதை ஜுசெப்பே வெர்டியின் வாழ்க்கை நன்கு விளக்குகிறது.

வட இத்தாலியில், புசேட்டோ என்னும் ஊருக்கு அருகிலுள்ள ரொங்கோலே என்ற சிற்றூரில், 1813ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெர்டி பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு சிறு விடுதியை நடத்தி வந்தார். மகனின் இசை ஆர்வத்தைக் கண்ட அவர், பியானோவைப் போன்ற ‘ஸ்பினெட்’ என்னும் பழைய இசைக்கருவி ஒன்றை வாங்கித் தந்தார். 1821ஆம் ஆண்டில் அதனைப் பழுதுபார்த்த காவலெத்தி என்னும் தொழிலாளர், சிறுவனின் ஆர்வத்தையே கூலியாகக் கொண்டு, பணம் பெற மறுத்தார். அச்செய்தியை அக்கருவியின் உள்ளேயே எழுதியும் வைத்தார். வெர்டி அக்கருவியை வாழ்நாள் முழுவதும் போற்றிக் காத்தார்.

இளமையிலேயே தம் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியை ஏற்ற வெர்டியைப் புசேட்டோவின் வணிகர் பாரெத்சி அன்புடன் ஆதரித்தார். அவர் அளித்த பொருளுதவியால், 1832ஆம் ஆண்டு வெர்டி மிலான் நகரத்து இசைக்கல்லூரியில் சேர விண்ணப்பித்தார்.

தேர்வின் முடிவு அவருக்குப் பெருந்துயரம் தந்தது. பதினான்கு வயதிற்குள் சேரவேண்டிய கல்லூரிக்குப் பதினெட்டு வயதில் வந்தார் என்பது ஒரு குறை. பியானோ வாசிக்கையில் கைகளை வைக்கும் முறை பிழையானது என்பது மற்றொன்று. பார்மா நாட்டினராதலின் மிலானுக்கு அவர் அயலார் என்பது வேறொன்று. இசையமைப்பதில் அவருக்கு நல்ல எதிர்காலம் உண்டென்று தேர்வாளரே கண்டபோதிலும், கல்லூரியின் கதவு திறக்கவில்லை.

வெர்டி சோர்ந்துவிடவில்லை. மிலானிலேயே தங்கி, லவீஞா என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்றார். பின்னர் மணவாழ்க்கையும் புகழும் தொடங்கிய வேளையில் கொடிய துன்பம் அவரைத் தாக்கியது. 1838 முதல் 1840 வரை, இரண்டு ஆண்டுகளுக்குள், இரு குழந்தைகளையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்தார். அத்துயரையும் தாங்கி அவர் இயற்றிய ‘நபுக்கோ’ என்னும் இசைநாடகம், 1842ஆம் ஆண்டு மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் நடிக்கப்பெற்று, மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. அவரை ஏற்க மறுத்த அதே நகரம், பத்தாண்டு நிறைவதற்குள் அவரைக் கொண்டாடியது!

‘ரிகொலெத்தோ’, ‘ஆயிடா’, ‘ஒத்தெல்லோ’ முதலிய நாடகங்கள் அவர் புகழை உலகெங்கும் பரப்பின. முதுமையில், அவரை விலக்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்ட முனைந்தனர். இளமையில் தம்மை வேண்டாமென ஒதுக்கிய இடம் முதுமையில் தம் பெயரை நாடுவதை அவர் விரும்பவில்லை. எனினும், அவர் மறைந்தபின் அக்கல்லூரி அவர் பெயரைத் தாங்கலாயிற்று. இன்றும் தாங்கி நிற்கிறது.

வறுமையுற்ற முதிய இசைக்கலைஞர்களுக்காக வெர்டி மிலானில் ஓர் இல்லம் அமைத்தார். அவர்கள் தமக்கு நன்றி கூறுதலையும் விரும்பாது, தம் மறைவிற்குப் பின்னரே அதனைத் திறக்கச் செய்தார். 1901ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டு அவ்வில்லம் கலைஞர்களை வரவேற்றது.

காலங்கடந்து சூட்டும் மாலையினும், காலத்தில் கூறும் ஒரு நற்சொல் பெரிது. பெருங்கல்லூரி காணத் தவறியதை, இசைக்கருவி பழுதுபார்க்கும் எளிய தொழிலாளர் ஒருவர் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார் அன்றோ!