ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உங்க அக்கா, அண்ணி யாராவது கர்ப்பமாக இருந்தால், கிளினிக்கில் கொடுத்த அந்தச் சின்ன மாத்திரையை வீட்டில் பார்த்திருப்பீங்க. அதுதான் ஃபோலிக் அமிலம். 1945-இல் அதை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் மருத்துவம் படித்தவர்.

யார் அவர்?

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் அவருடைய இரண்டு சகோதரர்களைப் பறித்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். நல்ல ஆய்வுகள் செய்தும் அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே உருவான ஃபோலிக் அமிலம், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகைக்கு மட்டுமல்ல, ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தானது. சகோதரர்களுக்குத்தான் அது காலம் கடந்து வந்தது.

உடம்பில் அது என்ன செய்கிறது?

அவர் காலத்துக்குப் பிறகு தெரிய வந்தது இது: நம் செல்கள் சிலவற்றின் மேற்பரப்பில் 'ஃபோலேட் ஏற்பி' என்ற புரதம் இருக்கு. அது ஃபோலேட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்பியின் மரபணுவில் பிழை இருந்தால், குழந்தையின் மூளைக்குப் போதுமான ஃபோலேட் போய்ச் சேராது. சினைப்பைப் புற்றுநோய் செல்கள் பலவற்றில் இதே ஏற்பி அளவுக்கு மீறி இருக்கும். அதையே குறி வைத்து இப்போது மருந்து கொடுக்கிறார்கள்.

புற்றுநோய்க்கு எதிரான ஆரம்பகால அடிகளில் ஒன்றும் சுப்பாராவ் குழுவுடையதுதான். அவர்கள் தயாரித்த, ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-இல் அந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

நீங்க கவனிக்க வேண்டியது

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் தெரிவதே அதற்குப் பிறகுதான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பத்துக்கு முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறது. கல்யாணம் ஆன தோழி வீட்டில் பேச்சு வந்தால், இதையும் சொல்லுங்க. அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கட்டும்.