பகுதியும் விகுதியும் பார்த்த பாதிரியார்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எழுத நம்ம காலேஜில் ஆள் நிறைய இருக்காங்க. அதனால் நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுறேன். அவர் பெயர் இராபர்ட் கால்டுவெல். பள்ளிக்கூடத்தில் நாலு வரி படித்திருப்போம், அவ்வளவுதான்.

எனக்கு அவர் பழக்கமானதே அரியரால்தான். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிற வீடு எங்களுடையது. வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எலக்ட்ரிகல் எடுத்துட்டு, டிரான்ஸ்பார்மர் என்று வாயால் சொல்வேன், எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். முதல் செமஸ்டரில் ஆங்கிலம் போச்சு. அப்போது கள்ளக்குறிச்சி நூலகத்தில் கையில் கிடைத்தது இவர் வரலாறு.

1814 மே 7-இல் அயர்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதி இல்லாதவர்கள். முதலில் டப்ளினில் ஓவியம் படித்தார். அதை விட்டுவிட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் போனார். அங்கே கிரேக்கம் நடத்திய பேராசிரியர் சாண்ட்ஃபோர்டுதான் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை உண்டாக்கினார். சமயப் பணிக்காக 1838 ஜனவரி 8-இல் சென்னையில் இறங்கினார், வயது 23. வருகிற வழியில் அவர் கப்பல் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. தப்பிப் பிழைத்தது நமக்கு லாபம்.

1841-இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனார், அதுவும் நீலகிரி ஏறி இறங்கி! மலைக்காரன் நான், அந்த நடை என்னவென்று எனக்குத் தெரியும். பனையும் செம்மணலுமான இடையன்குடியில் தங்கினார். 1844-இல் நாகர்கோவில் பாதிரியார் மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார்.

1856-இல் வந்ததுதான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று காட்டிய நூல். இதை 1816-லேயே எல்லிஸ் என்ற அதிகாரி சொல்லியிருந்தார். ஆனால் சொல்லைச் சொல்லாகப் பிரித்து விரிவாக நிரூபித்தவர் கால்டுவெல். தோடர், கோத்தர் பேசும் மலைமொழிகளையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

நம் மொழியில் பகுதி அப்படியே நிற்கும், விகுதிகள் பின்னால் ஒவ்வொன்றாக ஒட்டும். ஒருமைக்குப் போடுகிற அதே வேற்றுமை உருபு பன்மைக்கும் வரும். கல்லை, கற்களை, இரண்டுக்கும் ஐ தான். சமஸ்கிருதத்தில் ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு வேறு ஒன்று. இந்த மாதிரி சாட்சிகளைத்தான் அவர் அடுக்கினார்.

இதைப் படித்துவிட்டு டிரான்ஸ்பார்மரைப் பிரித்தேன். வாய் பிரிப்பது டிரான்ஸ், ஃபார், மர். பொருள் பிரிவது டிரான்ஸ், ஃபார்ம், அர். இரண்டும் வேற வேற! நமக்கும் அப்படித்தானே? மரத்தில் என்பதை அசை பிரித்தால் மரத், தில், புளிமா. உறுப்பாகப் பிரித்தால் மரம், அத்து, இல். ஒன்று ஓசைக்கணக்கு, இன்னொன்று பொருள்கணக்கு. நான் இரண்டையும் குழப்பித்தான் ஸ்பெல்லிங்கில் மார்க் விட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் முன்னாலும் ஒட்டும் என்பதுதான் கூடுதல் தொல்லை. டிரான்ஸ் முன்னால் ஒட்டியது.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. 1849-இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர்களைப் புண்படுத்தியது, பெரிய எதிர்ப்பும் வந்தது. தன் சொந்த ஊர் ஜனங்களைப் பற்றி அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

1877-இல் பிஷப் ஆனார். 1847-இல் தொடங்கிய இடையன்குடிக் கோயிலை 1880-இல்தான் கட்டி முடித்தார். 1891 ஆகஸ்ட் 28-இல் கொடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1968-இல் மெரினாவில் சிலை வைத்தார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

போன லீவில் அப்பாவிடம் டிரான்ஸ்பார்மரைப் பிரித்துக் காட்டினேன். மாற்றுகிறது, அதனால் மாற்றி, அதுதானே என்றார். மாற்று பகுதி, இ விகுதி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏப்ரலில் அரியர் எழுதுறேன்.